கன்னியாகுமரியில் வாங்கிய பொம்மைக் கட்டுமரம்

படகுத்துறைக்குப் போகும் வழியில் சங்கு, பாசிமணிக் கடைகளுக்கு நடுவில் ஒரு கடையில் வாங்கினேன். 450 ரூபாய் சொன்னார்கள், பேரம் பேசி 350. மர வேலை நன்றாகவே இருக்கிறது, கயிற்றை ஒட்டாமல் நிஜமாகவே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், அதற்கு முழு மதிப்பெண்.

சிக்கல் பாயில்தான். சதுரப் பாய்! கட்டுமரத்துக்கு முக்கோணப் பாய்தானே? குளச்சலில் மாமாவிடம் காட்டினேன், பழைய கடல்காரர், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆஞ்சான் இல்லாம பாயை எப்பிடி மக்கா ஏத்துவே?" என்று கேட்டார். பாயை மேலே இழுக்கிற கயிறுதான் ஆஞ்சான். பாய் கட்டும் குறுக்குக் கழி பருமல், காற்றுக்கு ஏற்றபடி பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான் என்று அப்புறம் ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. கச்சான் மேற்குக் காற்று, கொண்டல் கிழக்குக் காற்று, இது எனக்கே தெரியும். பாய்மரத்துக்குச் சங்கப் பாட்டில் கூம்பு என்று பெயர், அதை நான் சொன்னதும் அவர் பெரிதாக மதிக்கவில்லை.

இன்னொரு கூத்து, அட்டையில் 'கேட்டமரான்' என்று போட்டு இரட்டை உடல் படகின் படம். நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான், ஆனால் நம்முடையது மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டியது.

அலமாரியில் வைக்க வாங்கலாம். 350க்கு மேல் கொடுக்காதீர்கள். என்னுடையதில் மாமா சட்டைத் துணியை வெட்டி முக்கோணப் பாய் தைத்துவிட்டார், ஆஞ்சானோடு.