வத்தலக்குண்டு பழைய டிரம் கடை: கேட்டு வாங்கினால் லாபம்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். கடைக்கு ஐந்துக்கு நாலு. வாங்கிய டிரம்முக்கு மூன்றரை. டிரம்முக்கு எங்கே குறைத்தேன் என்பது வாஷர் கதை வரும்போது தெரியும்.

கொடைக்கானல் மலையில் பெருமாள்மலைப் பக்கம் வீட்டை ஒட்டியே சின்னதாக ஜாம், ஸ்குவாஷ் போடுகிறேன். மே மாதம் பிளம்ஸ் இறங்க ஆரம்பித்தால் பழம் ஒரு பக்கம் குவியும், தண்ணீர் ஒரு பக்கம் குறையும். ஊற்றிலிருந்து ஓஸ் போட்டு வரும் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். பிழிந்த சாற்றை அடுப்பு காலியாகும்வரை ஓர் இரவாவது வைக்க வேண்டும். அதற்கு 200 லிட்டர் நீல டிரம்மை விட்டால் வேறு கதி இல்லை. புதுசு வாங்கினால் பழசைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு அவ்வளவு போட எனக்கு மனசு வரவில்லை.

கடை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. போர்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அடுக்கி வைத்த டிரம்மைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கடைக்காரப் பாய் வைத்திருக்கும் ஒழுங்கு. ஒவ்வொரு டிரம்மின் தோளிலும் சாக்பீஸால் ஓர் எழுத்து. 'கு' என்றால் மிட்டாய்க் கம்பெனியிலிருந்து வந்த குளுக்கோஸ் டிரம். 'வி' என்றால் வினிகர். 'எ' என்றால் எண்ணெய். 'ஊ' ஊறுகாய். பெருக்கல் குறி போட்டவை எல்லாம் கெமிக்கல். அவை சுவருக்கு அந்தப் பக்கம், தனியாக. ஒன்றைக் காட்டி, "இது விலை குறைவா இருக்கே பாய்?" என்று கேட்டேன். "அது உங்களுக்குத் தர மாட்டேன்க்கா. கட்டட வேலைக்கு, சாரம் போட நிக்கிறவங்களுக்குத்தான் தருவேன். அதுலயும் தண்ணி பிடிச்சுக் குடிச்சிராதீங்கன்னு சொல்லித்தான் தருவேன்" என்றார். இந்த ஒரு பதிலுக்கே மூன்று நட்சத்திரம் கொடுக்கலாம்.

ஏன் என்றால் இதற்கு முன்பு வேறோர் ஊரில் வேறொரு கடையில் கேட்டபோது, "எல்லாமே புட் கிரேடுதான்க்கா", அதாவது உணவு வைக்கத் தகுந்ததுதான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பாதி கிழிந்த லேபிளும், மூடியைத் திறந்ததும் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மருந்தடிக்கும் நாளின் வாடையும். பூச்சிமருந்து இருந்த டிரம்மைக் கழுவிச் சுத்தம் செய்யவே முடியாது. எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்து டிரம்தான். நம் மலையில் அப்படிப்பட்ட டிரம்மில் குடிதண்ணீர் பிடிக்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டிரம்மின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் வகையை மட்டும்தான் சொல்கிறது. அதே பிளாஸ்டிக்கில்தான் ஆசிட்டும் வருகிறது, குளுக்கோஸும் வருகிறது. கிளாஸும் முள்கரண்டியும் போட்ட முத்திரை இருந்தால் உணவு வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் என்று பொருள்; ஆனால் அதற்குள் கடைசியாக என்ன இருந்தது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. அதைச் சொல்ல ஆள் வேண்டும். பாய் சொல்கிறார்.

நான் எடுத்தது ஒரு 'கு', ஒரு 'ஊ'. இரண்டும் முழு வாய் திறக்கிற ரகம், மூடிக்கு மேல் இரும்பு வளையம் போட்டு இறுக்குவது. மேலே இரண்டு சின்ன ஓட்டை மட்டும் இருக்கும் மூடிய ரகம் இன்னும் மலிவுதான், ஆனால் கை உள்ளே போகாத டிரம்மை நான் தொடுவதில்லை. மணலும் ஜல்லியும் போட்டு உருட்டினால் சுத்தமாகிவிடும் என்பார்கள். உருட்டினால் உள்ளே கீறல் விழும். கீறலுக்குள் அழுக்கும் கிருமியும் குடியேறும். அப்புறம் எதைப் போட்டாலும் வெளியே வராது.

இங்கே என் அண்ணன் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறான். அமெரிக்காவிலேயே மேப்பிள் பாகு அதிகம் காய்ச்சுகிற மாநிலம் அதுதான். குளிர்காலம் முடிகிற சமயம், இரவு உறைந்து பகலில் உருகுகிற நாட்களில், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து இவனும் மேப்பிள் மரத்தில் துளை போட்டு நீர் இறக்குகிறான். நம் பதநீர் நாக்கில் வைத்ததுமே இனிக்கும். அந்த நீரில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம்தான், வெறும் தண்ணீர் மாதிரியே இருக்குமாம். 40 லிட்டரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். காய்ச்சும்வரை அதை 4 டிகிரிக்குக் கீழே குளிர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சில நாளில் புளித்துக் கலங்கிவிடும். அவர்களும் இதே மாதிரி பழைய டிரம்மைத்தான் தேடிப் பிடித்துக் கழுவி வைக்கிறார்கள்.

"அத்தை, டிரம்முல லேசா ஊறுகாய் வாசம் இருந்தா தண்ணிக்குப் பரவாயில்ல. காய்ச்சுற சரக்குக்கு அது ஆகவே ஆகாது. நாப்பது லிட்டர்ல ஒளிஞ்சிருக்கிறது ஒரு லிட்டர்ல வந்து நிக்கும்" என்றான் போனில். ஆவியோடு கொஞ்சம் வாசனை போகும்தான், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும் எங்கேயும் போகாது. நான் பிளம்ஸ் சாற்றை நாற்பதில் ஒன்றாக்குவதில்லை, பாதிக்கும் கீழே சுண்டக் காய்ச்சுவதோடு சரி. இருந்தாலும் கணக்கு அதே கணக்குதான். டிரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: அதில் வைப்பதை அப்படியே பயன்படுத்தப் போகிறோமா, காய்ச்சிச் சுண்டவைக்கப் போகிறோமா?

சரி, கழுவின கதை. குளுக்கோஸ் டிரம்மில் வேலை சுலபம். சர்க்கரைப் பிசின் வெதுவெதுப்பான தண்ணீருக்கே கரைந்து வந்துவிட்டது. அடுத்து சூடான தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தேன். கம்பி நாரைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சலவைச் சோடா தோலை அரித்துவிடும். சூட்டுக்குப் பிளாஸ்டிக் வளைந்துவிடுமோ என்ற பயம் நம் ஊரில் கொஞ்சம் குறைவு. கொடைக்கானல் 2,133 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பெருமாள்மலை அதற்குக் கொஞ்சம் கீழே, இங்கேயும் 100ஐத் தொடாது. எச்.டி.பி.இ. உருக 130 டிகிரிக்கு அருகில் போக வேண்டும். அப்படியும் நான் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதில்லை. சூட்டில் இளகின டிரம் நெளிந்துபோனால் மூடி உட்காராது.

இப்போது வாஷர். மூடியின் உள்விளிம்பில் ஒரு பள்ளம், அதற்குள் கறுப்பு ரப்பர் வளையம். டிரம் பளிச்சென்று ஆன பிறகும் மூடினால் ஏதோ ஒரு புளித்த வாடை வந்துகொண்டே இருந்தது. ஸ்பூன் காம்பை விட்டு அந்த ரப்பரை நெம்பி எடுத்தேன். கீழே பள்ளம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. வெல்லப்பாகு மாதிரி இழுபட்டது, அதில் ஒரு எறும்பின் கால் ஒட்டியிருந்தது. ரப்பரோ அடிப்பக்கம் வெடித்து, வெடிப்புக்குள்ளும் அதே பிசின். பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். வெடித்த ரப்பரை என்ன செய்வது? தூக்கிப் போட்டுவிட்டுப் புது வாஷர் வாங்க வேண்டியதுதான். பாய் கடையில் அந்த அளவில் வாஷர் இல்லை. அரை மதிப்பெண் போன இடம் இதுதான். அது போக, இரண்டு டிரம்மின் இரும்பு வளையமும் துருப்பிடித்தது, அதற்கு ஒரு மதிப்பெண்.

கிருமி போக அண்ணன் மகன் சொன்ன அளவைத்தான் வைத்துக்கொண்டேன். மேப்பிள்காரர்கள் வாசனை சேர்க்காத திரவ ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் இருபது பங்கு என்று கலந்து பாத்திரங்களைத் துடைப்பார்களாம். பிறகு வெந்நீரில் மூன்று முறை அலசல். அலசலில்தான் விஷயமே இருக்கிறது. குளோரின் கொஞ்சம் மிஞ்சினாலும் பழச்சாற்றில் போய் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். ப்ளீச்சையும் வினிகரையும் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும். வினிகர் டிரம் வாங்கினவர்கள் வெறும் தண்ணீரில் நன்றாக அலசின பிறகே ப்ளீச்சைத் தொட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: மேப்பிள் நீர் இறங்கிவர மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் குழாயை ப்ளீச்சில் கழுவினால், ஒட்டியிருக்கும் உப்புக்கு ஆசைப்பட்டு அங்கே அணில் வந்து குழாயைக் கடித்துவிடுமாம். இங்கே அணிலுக்குப் பதில் குரங்கு. அது உப்பு இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அப்புறம் கவிழ்த்துக் காயவைத்தேன். வெயில் நல்லதுதான், ஆனால் நாள்கணக்கில் வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் நொறுங்க ஆரம்பிக்கும். மலைவெயில் கீழே அடிக்கிறதைவிடக் கடுமை. காய்ந்ததும் நிழலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஊறுகாய் டிரம் விஷயம் வேறு. சலவைச் சோடா போட்டேன். எண்ணெய்ப் பிசுக்குக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன், பிசுக்கு போய்விட்டது. சமையல் சோடா தூவி மூடி வைத்தேன். மரக்கரித் துண்டு போட்டு வைத்தேன். மூக்குக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. பிறகு சூடான தண்ணீரை நிரப்பி இரவு முழுக்க மூடி வைத்துக் காலையில் திறந்தால் கடுகும் பெருங்காயமும் எழுந்து வந்தன. இந்தப் பிளாஸ்டிக் எண்ணெயையும், எண்ணெயோடு சேர்ந்த வாசனையையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். சூடு பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மேலே தேய்ப்பதால் உள்ளே போனது வராது. பாயும் வாங்கும்போதே, "ஊறுகா டிரம்மு சாறு ஊத்தறதுக்கு வேணாம்க்கா, பாத்திரம் கழுவுற தண்ணிக்கு வச்சுக்கோங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார், விலையும் இருநூறு ரூபாய் குறைத்தார். அது இப்போது பழம் கழுவுகிற தொட்டிப் பக்கம், தரை கழுவும் தண்ணீருக்கு இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

குளுக்கோஸ் டிரம்மை அதே வெந்நீர்ச் சோதனையில் வைத்தேன். காலையில் அந்தத் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்தும் பார்த்தேன், தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. இந்தச் சோதனையில் தேறாத டிரம்மில் சாறு ஊற்றாதீர்கள்.

மேலே கொண்டுவர கடைக்காரர் வண்டி தர மாட்டார், மலைக்கு டெலிவரி கிடையாது. அதற்குத் தனியாக டெம்போ பிடித்தால் டிரம் விலைக்கு வாடகை வந்துவிடும். ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு மார்க்கெட்டில் காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக மேலே திரும்புகிற வண்டிகள் உண்டு. டிரைவரிடம் கேட்டால் ஒரு டீக் காசுக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து ஏற்றிவிடலாம். மூடியையும் வளையத்தையும் கழற்றித் தனியாகக் கட்டிவிடுங்கள், கொண்டை ஊசி வளைவில் அவைதான் முதலில் பறக்கும்.

குளுக்கோஸ் டிரம் ஆயிரத்து இருநூறு சொன்னார், ஆயிரத்து நூறுக்குக் கொடுத்தார். புது வாஷர் திண்டுக்கல்லில் கிடைத்தது. கேட்க வேண்டியது 'கு' எழுத்து போட்ட, முழு வாய் திறக்கிற டிரம். கடையிலேயே ரப்பரை நெம்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், அவர் கோபித்துக்கொள்வதில்லை. காலையில் போனால் பாயே இருப்பார். மாலையில் கடையில் நிற்கும் பையனுக்கு எழுத்துக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கடை சாத்தியிருக்கும்.