விண்டோஸ் 7, ஃபயர்பாக்ஸ், ஒரு சின்ன பேட்டரி: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

மன்னார்குடி பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிட்டா அடங்கல் பிரிண்ட், பயிர்க் காப்பீட்டுப் பதிவு எல்லாமே விண்டோஸ் 7 போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப்பில்தான் ஓடுகிறது. அதில் குரோம், ஃபயர்பாக்ஸ் என்ற இரண்டு பிரவுசர்களையும் வருடக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற அறிவிப்பு வந்து வேலை நின்றுபோன நேரங்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அறிவிப்பு வந்ததும் பலர் கேஷை (பிரவுசர் சேமித்துவைத்த பழைய தகவல்களை) அழிப்பார்கள், மோடத்தை அணைத்துப் போடுவார்கள். எங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது திரையின் வலது மூலையில் இருக்கும் தேதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும். மதர்போர்டில் (கணினிக்குள் இருக்கும் முக்கியப் பலகையில்) கடிகாரத்தை ஓட வைக்கும் சிஆர்2032 என்ற சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் கணினி பழைய தேதிக்குப் போய்விடும். என் கணினி போவது 2009 ஜனவரிக்கு. ஒவ்வொரு தளமும் தான் அசல்தான் என்று காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2009-இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எதுவுமே இன்னும் செல்லுபடியாகாதவை. ஆகவே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் வேறு கதை. எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் கடிகாரம்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தேதி ரொம்பத் தள்ளியிருந்தால் விண்டோஸ் இணைய நேரத்தோடு ஒத்துப்போக மறுக்கும். கையால் தேதியைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் 'அப்டேட் நவ்' கொடுக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு பேட்டரியை மாற்றுவது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துக் கிளிப்பை லேசாகத் தள்ளினால் பழையது எழும்பி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அமுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தேதி சரியாக இருந்தும் பிரச்சினை தீரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் வேர்ச் சான்றிதழ்கள், அதாவது ஒரு தளத்தின் சான்றிதழை நம்பலாமா என்று முடிவுசெய்ய உதவும் அடிப்படைச் சான்றிதழ்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் வாங்கிய தளங்கள் அதுவரை சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியானது. அப்டேட் பார்க்காத பல கணினிகள் அன்றைக்குத் தடுமாறின. இங்கேதான் ஃபயர்பாக்ஸ் எனக்குப் பிடித்துப்போனது. அது நம்பகமான சான்றிதழ்களின் பட்டியலைத் தன்னோடே கொண்டுவருகிறது. குரோம் வெகுகாலம் விண்டோஸின் பட்டியலையே நம்பியிருந்தது. விண்டோஸ் 7-க்குக் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, ஃபயர்பாக்ஸ் 115 வரை வந்தது. வேகத்தில் குரோம்தான் ஒரு படி மேல், மறுக்கவில்லை. ஆனால் பழைய கணினிக்கு என் ஓட்டு ஃபயர்பாக்ஸுக்கே.

ஆன்டிவைரஸும் சில நேரம் குட்டையைக் குழப்பும். தள முகவரிக்குப் பக்கத்தில் உள்ள பூட்டுப் படத்தை அழுத்தி, சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். அங்கே ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அது நடுவில் புகுந்து எல்லாவற்றையும் பிரித்துப் படிக்கிறது என்று அர்த்தம். அதில் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் என்ற அந்த வசதியை மட்டும் நிறுத்தினால் போதும், மொத்தமாகத் தூக்க வேண்டாம். லாட்ஜ் வைஃபையில் இதே அறிவிப்பு வந்தால் முதலில் அவர்களுடைய லாகின் பக்கத்தை முடித்துவிடுங்கள்.

இத்தனையும் சரி என்றால் அதே தளத்தைச் செல்போன் டேட்டாவில் திறந்து பார்ப்பேன். அங்கேயும் அதே பிழை வந்தால் தவறு தளத்துக்காரர்கள் பக்கம். சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருப்பார்கள். 398 நாளாக இருந்த சான்றிதழின் உச்சகட்ட ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029-இல் 47 நாள் என்று குறைகிறது. கையால் புதுப்பிக்கிற இடங்களில் இந்த மறதி கூடத்தான் செய்யும்.

காப்பீட்டுக் கடைசித் தேதி நெருங்கும்போது, "எப்படியாவது உள்ள போயிடு தம்பி, இன்னைக்கு விட்டா போச்சு" என்பார்கள். 'அட்வான்ஸ்டு' அழுத்தித் தாண்டிப் போகும் வழி சில தளங்களில் இருக்கிறது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கொடுக்க வேண்டிய பக்கத்தில் அதை நான் தொடுவதில்லை. "கொஞ்சம் பொறுங்கய்யா, போன்ல போட்டுப் பார்க்கிறேன்" என்பேன். அதிலும் திறக்கவில்லை என்றால் வேறு மையத்துக்கு அனுப்பிவிடுவேன்.