டச்பேட் மாற்றியதாகச் சொன்னார்கள், ஸ்டிக்கர் கறை அப்படியே இருந்தது

அக்கா மகளின் லேப்டாப் மந்தமாகிவிட்டது என்று திருச்சி சத்திரம் பக்கம் ஒரு சந்துக் கடையில் ஃபார்மேட் போடக் கொடுத்தோம். 700 ரூபாய். மாலையே கிடைத்துவிட்டது, வேகமும் வந்திருந்தது. வீட்டில் திறந்த பிறகுதான் "மாமா, அம்புக்குறி நகரவே மாட்டேங்குது" என்றாள். கடையில் அவர்கள் மவுஸைச் செருகித்தான் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்குத் திரும்பப் போனோம். கடைக்காரர் டச்பேட் மேல் விரலை இரண்டு முறை தேய்த்தார். "டச்பேட் போயிருச்சு சார், ஃபார்மேட் பண்ணும்போது சில நேரம் இப்படி ஆகும்" என்றார். வீட்டுக்கு வெள்ளையடித்ததால் கிணற்று மோட்டார் எரிந்தது என்று சொல்வது மாதிரிதான் இதுவும். அப்போது எனக்கு உறைக்கவில்லை. செமஸ்டர் தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, தலையாட்டிவிட்டேன். சென்னையிலிருந்து பார்ட் வர மூன்று நாள் ஆகும், 3,800 ரூபாய், பாதி முன்பணம்.

நான்காம் நாள் வாங்கினோம். டச்பேட் நன்றாகவே வேலை செய்தது. பில் கேட்டேன், தொகையைக் கிறுக்கி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டால் "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்றார்.

அன்று இரவு லேப்டாப்பைத் துடைக்கும்போது அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள். டச்பேட்டின் வலது மூலையில் முன்பு ஒரு பூனை ஸ்டிக்கர் ஒட்டி உரித்திருந்தாள். அதன் பசைக் கறை வளைந்து கிடக்கும். "புது டச்பேட்ல என் பூனையோட வால் எப்படி மாமா வந்துச்சு?"

அப்புறம்தான் உட்கார்ந்து தோண்டினேன். பழைய லேப்டாப்களில் டச்பேட் பிஎஸ்2 வழியில் இணைந்திருக்கும், விண்டோஸ் தானாகவே அதை அடையாளம் கண்டுகொள்ளும். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் ஐ2சி என்ற வழி. இன்டெல் சிப் உள்ள பல லேப்டாப்களில் அந்த வழியைத் திறந்துவிடுவது சீரியல் ஐஓ என்ற டிரைவர், அதாவது ஒரு உறுப்பை விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள். அது இல்லையென்றால் டச்பேட் பழுது என்றுகூட விண்டோஸ் சொல்லாது, அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. லேப்டாப்பின் உறுப்புகளை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழே மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் 'பிசிஐ டிவைஸ்' என்று மட்டும் நிற்கும். இணையத்தோடு இணைத்தால் விண்டோஸ் அப்டேட்டே பல நேரம் அந்த டிரைவரைக் கொண்டுவந்துவிடும். எங்களுக்கு ஏன் வரவில்லை? கடைக்காரர் போட்டது அப்டேட்டை நிறுத்திவைத்த திருட்டு விண்டோஸ். லேப்டாப் வாங்கும்போதே அசல் விண்டோஸ் உரிமம் அதன் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில், பதிந்து வந்திருந்தது. அதை விட்டுவிட்டு இதை எதற்குப் போட்டார் என்பது அவருக்கே வெளிச்சம்.

ஆதாரமும் அதே லேப்டாப்பில் இருந்தது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதிலுள்ள 'செட்டப்ஏபிஐ டாட் டெவ் டாட் லாக்' என்ற கோப்பில் ஒவ்வொரு டிரைவரும் எப்போது நிறுவப்பட்டது என்று தேதி, மணி, நொடியோடு பதிவாகும். சீரியல் ஐஓ டிரைவருக்கு எதிரே இருந்த நேரம், நாங்கள் திரும்பக் கொடுத்த அதே நாள் காலை 11:08. அதாவது, நாங்கள் கடையை விட்டு இறங்கி முக்கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. மீதி மூன்று நாளும் 'சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த' பார்ட்டுக்காக லேப்டாப் சும்மா கிடந்திருக்கிறது.

இதே நிலையில் யாராவது இருந்தால், பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை போதும். விண்டோஸ் போலவே இன்னொரு இயங்குதளமான, இலவசமாகக் கிடைக்கும் உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். அங்கே அம்புக்குறி நகர்ந்தால் டச்பேட் உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு விண்டோஸ் பக்கம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலைக் கொடுத்து சிப்செட், சீரியல் ஐஓ, டச்பேட் டிரைவர்களை இறக்கிப் போடுங்கள், அதுவரை யூஎஸ்பி மவுஸ் கைகொடுக்கும். அங்கேயும் நகராவிட்டால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும் டச்பேட் பொத்தானைத் தெரியாமல் அழுத்தியிருக்கலாம், பயாஸில் அணைந்திருக்கலாம். ஏசர் மாடல்கள் சிலவற்றில் பயாஸில் 'பேசிக்', 'அட்வான்ஸ்டு' என்று டச்பேட்டுக்கு இரண்டு நிலை இருக்கும், அதை மாற்றிப் பார்த்தாலே சிலருக்குச் சரியாகிவிடும். டச்பேட் மேலே புடைத்துக்கொண்டு நின்றால் மட்டும் கதை வேறு. அது அடியில் பேட்டரி ஊதியதன் அறிகுறியாக இருக்கலாம். சார்ஜ் போடாமல், அழுத்திப் பார்க்காமல், அணைத்துவிட்டு நல்ல இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

லாக் கோப்பைப் போனில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அது டெஸ்டிங்குக்குப் போட்டது சார்" என்றார். சரி, அடி மூடியைக் கழற்றிப் புது டச்பேட்டைக் காட்டுங்கள் என்றேன். கழற்றவில்லை. கல்லாவைத் திறந்து 2,500 ரூபாயை எடுத்து வைத்தார். மீதி 1,300 சர்வீஸ் சார்ஜாம். பத்து நிமிட டிரைவர் வேலைக்கு, அதுவும் அவரே விட்டுவைத்த குறைக்கு!

அந்த 1,300-க்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. கையில் இருப்பது துண்டுச் சீட்டும் லாக் படமும்தான். புகார் முடியும் வரை டச்பேட்டைத் துடைக்கக் கூடாது என்று அக்கா மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.