‘நரி புகாது’ என்று விற்ற கோழிக்கூடு: லண்டனில் கோழி வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

விற்றது ஓர் இணையக் கடை. விலை 279 பவுண்டு. விளம்பரத்தில் மூன்று வாக்குறுதிகள்: நரி புகாது, ஆறு கோழிகளுக்குத் தாராளம், தானியங்கிக் கதவு இருப்பதால் கவலையில்லாமல் வெளியே போய் வரலாம். மார்ச்சில் வாங்கிப் பொருத்திய அந்தக் கூட்டில், மே மாத வேலைநாள் ஒன்றில், வீட்டில் ஆளில்லாத பகல் வேளையில், நாலு பெட்டைகளும் போயின. இரண்டு கழுத்து கடிபட்டு உள்ளேயே கிடந்தன. மற்ற இரண்டுக்கு இறகுதான் மிச்சம். கடைக்கு எழுதியதற்கு வந்த பதில்: நரி புகாது என்பது பொதுவான வர்ணனைதானாம், கூட்டைக் கெட்டியான தரையில் வைத்து, ஆள் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டுமாம். கண்காணிக்க ஆள் இருந்தால் தானியங்கிக் கதவு எதற்கு?

கூட்டைச் சுற்றிப் பார்த்ததில் மரம் எங்கும் உடைந்திருக்கவில்லை. வலையின் கீழ்மூலை ஒன்று மட்டும் உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. 6 மி.மீ. ஸ்டேப்பிள்களை ஒரு சாணுக்கு ஒன்று என்று அடித்திருந்தார்கள். அதைவிடப் பெரிய பிழை, வலையைச் சட்டத்தின் உள்பக்கம் வைத்து அடித்தது. வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். நரி முன்கால்களை ஊன்றித் தள்ளினால் ஸ்டேப்பிள்கள் வரிசையாகக் கழன்றுவிடும். வலை வெளிப்பக்கம் இருந்தால் தள்ளத் தள்ளச் சட்டத்தோடுதான் அழுந்தும். ஆனால் நரி பல்லால் கவ்வி இழுக்கவும் செய்யும் என்பதால் ஸ்டேப்பிளை நம்பவே வேண்டாம். 25 மி.மீ. ‘யு’ வடிவ வேலி ஆணி, அல்லது அகலமான வாஷர் போட்ட திருகாணி, 10 செ.மீ.க்கு ஒன்று. மூலைகளில் இரண்டிரண்டு.

வலையிலும் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. அறுகோணக் கண்ணுள்ள ‘கோழி வலை’ கோழி வெளியே போகாமல் இருக்க மட்டும்தான். முறுக்கிய மெல்லிய கம்பி, நரி கடித்தே பிய்த்துவிடும். வேண்டியது வெல்டு மெஷ், அதாவது கம்பிகள் சேரும் இடமெல்லாம் பற்றவைத்த வலை. வாங்கும்போது கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண்ணைக் கேளுங்கள். எண் கூடினால் கம்பி மெலியும் என்பதை மறக்காதீர்கள். ‘23 கேஜ்’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது அரை மில்லிமீட்டரை ஒட்டிய கம்பி. 19 கேஜ் என்றால் 1 மி.மீ., இதற்குக் கீழே இறங்கக் கூடாது. 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ., மனநிம்மதி இதில்தான். கண் அளவு 13க்கு 25 மி.மீ. இருந்தால் நரியின் கால் நுழையாது. 13க்கு 13 எடுத்தால் எலிக்கும் சேர்த்து அடைப்பு. மேற்கூரையும் இதே வலையாகவோ பலகையாகவோ இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் வேலியையே ஏறித் தாண்டுகிற விலங்குக்கு, மேலே விரித்த பிளாஸ்டிக் வலை ஒரு பொருட்டல்ல. பத்து செ.மீ. இடைவெளி கிடைத்தால் உடம்பை நெளித்து நுழைந்துவிடும்.

அடித்தளம் இந்தக் கூட்டில் இல்லவே இல்லை. சட்டம் புல்லின் மேல் நேராக உட்கார்ந்திருந்தது. நரி தோண்டத் தொடங்குவது சுவரும் தரையும் சேரும் இடத்தில். அதனால் வலையைப் பாவாடை போல வெளிப்பக்கமாக 45 முதல் 60 செ.மீ. அகலத்துக்குத் தரையோடு விரித்து, ஒரு விளிம்பைச் சட்டத்தோடு கம்பியால் தைத்து, மற்றதை முளை அடித்து இறுக்குங்கள். சில வாரங்களில் புல் முளைத்து மூடிவிடும். சுவரடியில் தோண்ட வருகிற நரியின் காலடியில் வலை தட்டுப்படும். இரண்டடி பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றுவது அபூர்வம். மண்ணை வெட்ட முடிந்தால் 30 செ.மீ. ஆழம் புதைத்து, அடியில் 20 செ.மீ. வெளிப்பக்கம் மடக்கலாம். வாடகை வீட்டில் அதைவிட எளிது, சுற்றிலும் 45 செ.மீ. சதுர நடைபாதைக் கற்களைப் பரப்பிவிடுவது.

தாழ்ப்பாள் பற்றிச் சுருக்கமாக: மரத்தில் சுழலும் குமிழ் என்றால் நரி மூக்காலேயே திருப்பிவிடும். இரும்புத் தாழ்ப்பாளும் ஆட்ட ஆட்ட நழுவும், ஆகவே அதன் துளையில் ஒரு கொக்கி வளையமோ சிறு பூட்டோ மாட்டுங்கள். ஒரு கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று மட்டும் போட்டால் மெல்லிய கதவு மூலையில் வளைந்து கொடுக்கும். முட்டைப் பெட்டியின் மூடியைப் பூட்ட மறப்பவர்களே அதிகம்.

அன்று குற்றவாளி தானியங்கிக் கதவல்ல. ஆனால் அதையும் இயக்கிப் பார்த்தபோது பயந்துதான் போக வேண்டியிருந்தது. வெளிச்ச உணரி மட்டுமே இருந்தது, நேரம் வைக்க வழியில்லை. தெருவிளக்கோ பக்கத்து வீட்டு விளக்கோ மேலே பட்டால் இரவு முழுக்கத் திறந்தே கிடக்கும். கருமேகம் கவிந்தால் முன்கூட்டியே மூடி, உள்ளே போகாத கோழியை வெளியே நிறுத்தும். நேரம் மட்டும் வைக்கிற வகையிலும் சிக்கல் உண்டு. லண்டனில் சூரியன் மறைவது ஜூனில் இரவு 9.20 அளவில், டிசம்பரில் பிற்பகல் 3.50 அளவில். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரமும் மாறும். ஆகவே இரண்டும் சேர்ந்த வகையை வாங்கி, சூரியன் மறைந்து அரைமணி கழித்து மூடும்படி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

கதவுப்பலகை தவாளிப்புக்குள் ஓடி, கீழே ஒரு விளிம்புக்குப் பின்னால் இறங்க வேண்டும். இந்தக் கூட்டில் மூடிய பலகையை விரல் நுனியால் தூக்க முடிந்தது. விரலால் முடிந்தால் நரியின் நகத்தாலும் முடியும். வாசலில் வைக்கோல் தேங்கினால், கோழி நசுங்காமல் காக்கும் பாதுகாப்பு அமைப்பு ‘தடை இருக்கிறது’ என்று நினைத்துக் கதவை மறுபடி திறந்துவிடும். ஆகவே வாசற்படியைத் தினமும் கூட்டுங்கள். சாதாரண ஏஏ பேட்டரிகள் குளிரில் சோர்ந்துபோகும், குளிர்காலத்துக்கு லித்தியம் நல்லது. எந்தக் கதவும் தலை எண்ணாது. புதுக் கோழிகளை ஒரு வாரம் கூட்டிலும் அடைப்பிலுமே வைத்துப் பழக்காமல், கதவை நம்பி வெளியே போகாதீர்கள்.

‘ஆறு கோழிகளுக்குத் தாராளம்’ என்பதும் நரியோடு சம்பந்தப்பட்டதுதான். கூட்டோடு சேர்ந்த அடைப்பு மொத்தம் ஒரு சதுர மீட்டரை ஒட்டியது. ஒரு கோழிக்கே அவ்வளவு இடம் என்று கணக்கு வைப்பது நல்லது. இடம் போதாமல் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். பாவம் பார்த்து அடைப்பைத் திறந்துவிட்டுக் கடைக்குப் போவீர்கள். அந்த அரைமணி நரிக்குப் போதும். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள் ஊரில், கோழி வளர்ப்பவருக்கு அது செல்லாது. வசந்தத்தின் தொடக்கத்தில் குட்டி போடும் பெண்நரி, மே, ஜூனில் அவற்றுக்கு இரை தேடிப் பட்டப்பகலிலும் வரும். அகப்பட்டதையெல்லாம் கொன்றுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் புதைக்கும். இரவில் மட்டும்தான் வரும் என்று நினைப்பவர்கள்தாம் அதிகம் இழக்கிறார்கள்.

சிவப்பு ஒளி மின்னும் சூரியவிளக்கு, காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி, இரவெல்லாம் பாடும் வானொலி, எதுவும் நிலைக்காது. நகரத்து நரி அவற்றுக்குப் பழகிவிடும். விஷம் வைப்பது சட்டவிரோதம். அந்தப் பணத்துக்கு வெல்டு மெஷ் வாங்குங்கள்.

இனி பணம். விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றே படம் எடுத்து வையுங்கள். இந்தக் கடை புகார் போன பிறகு ‘நரி புகாது’ என்பதை ‘நரியைத் தடுக்க உதவும்’ என்று மாற்றிவிட்டது. இணையத்தில் வாங்கினால் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வர்ணித்தபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணமும் கேட்கலாம். பொருத்திவிட்டதால் உரிமை போய்விடாது. ஆகவே கோழி விடும் முன்பே முழங்காலால் வலையை அழுத்தி, தாழ்ப்பாளை ஆட்டி, கதவைத் தூக்கிப் பாருங்கள். 30 நாள் கடந்தால் முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ கடைக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும், அதுவும் சரிவராவிட்டால்தான் பணம். முதல் ஆறு மாதத்துக்குள் குறை தென்பட்டால், அது விற்கும்போது இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. ‘தயாரிப்பாளரிடம் கேளுங்கள்’ என்றால் கேட்க வேண்டாம்; உங்கள் ஒப்பந்தம் கடையோடு.

இந்தக் கடை முன்வைத்தது, அடுத்த முறை வாங்கும்போது 15 விழுக்காடு தள்ளுபடி. கூட்டின் விலை கடைசியில் கடன் அட்டை நிறுவனத்திடமிருந்து திரும்பியது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அட்டை நிறுவனத்தையும் கடையோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. டெபிட் அட்டைக்கு இது கிடையாது. இடையில் வேறொரு பணப்பரிமாற்றச் செயலி நுழைந்தாலும் உரிமை அறுந்துபோகலாம். கோழிகளின் விலை மட்டும் கிடைக்கவில்லை. பண்ணையில் ரொக்கம் கொடுத்து, ரசீது கேட்காமல் வாங்கிய கோழிகள் அவை.