இரவல் நூலா, சொந்த நூலா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வசிப்பவர் அடுத்து எதைப் படிக்கலாம் என்று யோசிக்கும்போது, நூலகத்தில் இரவல் பெறுவதா, விலை கொடுத்து வாங்குவதா என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

படிக்க நேரம் ஒதுக்குவதைப் பொறுத்தவரை, இரவல் நூலுக்கே என் வாக்கு. உள்ளட்டையில் ஒட்டிய சீட்டில் குத்தப்பட்டிருக்கும் தவணைத் தேதி, இரவு உணவுக்குப் பின் கைப்பேசியை ஒதுக்கிவிட்டு இருபது பக்கமாவது படிக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்கும். சொந்த நூலோ, எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற தைரியத்திலேயே ஆண்டுக்கணக்கில் பிரிக்கப்படாமல் கிடக்கும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த நம் பொது நூலகங்கள், சொத்து வரியோடு நாம் செலுத்தும் நூலக வரியால் இயங்குபவை. ஆகவே அங்கே நூல் எடுப்பது சலுகையன்று, உரிமை. பிடிக்காத நாவலை ஐம்பதாம் பக்கத்தில் மூடிவிட்டாலும் நட்டமில்லை. புதிய வெளியீடுகள் தாமதமாக வருவதுதான் குறை.

வாங்குவோருக்கு மலையில் வேறொரு தொல்லையும் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அட்டைகள் வளைந்து, முதுகுப் பகுதியில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படரும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து, நூல்களை நெருக்கி அடுக்காமல், வெயிலடிக்கும் நாளில் கதவைத் திறந்துவைத்தால் ஓரளவு தப்பலாம். இத்தனை பராமரிப்புக்கும் தகுதியானவை, திரும்பத் திரும்பப் புரட்டும் கவிதைத் தொகுப்புகளும் அகராதிகளுமே. நாவல்களையும் பயண நூல்களையும் முதலில் இரவலாகப் படித்து, மறுவாசிப்புக்கு மனம் ஏங்கினால் மட்டும் வாங்கலாம்.