ஆட்டிசம் என்று எழுதிக் கொடுக்கும் முன் காதைப் பார்த்தார்களா?

சின்னக் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்று தெரபி சென்டர் தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மகனுக்கு இரண்டேகால் வயது. ஒரு வார்த்தை வரவில்லை, கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று மாமியார். எதற்கும் பார்த்துவிடலாம் என்று, பெரிய போர்டு வைத்த ஒரு சென்டருக்குப் போனோம். அங்கிருந்த மேடம் இருபது கேள்விகள் இருந்த தாளில் மளமளவென்று டிக் அடித்தார். பையனின் முதுகுப் பக்கம் நின்று இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். "ஆட்டிசம்தான், மாடரேட்." டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

"மேடம், நிலாவைக் கை நீட்டிக் காட்டுவான். நாங்க பாக்குறோமான்னு எங்க மூஞ்சியையும் திரும்பிப் பாப்பான்" என்றேன். "எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று சிரித்துவிட்டு, பேக்கேஜ் விலைப்பட்டியலை நீட்டினார். மூன்று மாதத்துக்கு 45,000 ரூபாய், பாதி முன்பணம். "லேட் பண்ணா மூளை வளர்ச்சி போயிடும்" என்று ஒரு பயமுறுத்தல் வேறு. காது கேட்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

முன்பணம் கட்டிச் சேர்த்தோம். தெரபி என்ற பெயரில் பையனை நாற்காலியில் உட்காரவைத்து, காதில் விழாத கட்டளைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்காததால் 'ஒத்துழைப்பு இல்லை' என்று நோட்டில் எழுதினார்கள். அந்த வரியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தெரிந்த நர்ஸ் அக்கா ஒருவர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் டி.இ.ஐ.சி.க்குப் போகச் சொன்னார். மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையம். காசு கிடையாது. அங்கே ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிப்பவர், கேட்ட முதல் கேள்வி: "பிறந்தப்போ காது டெஸ்ட் எடுத்தாங்களா?" எடுக்கவில்லை. குழந்தை தூங்கும்போதே காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் பெரா டெஸ்டுக்கு எழுதினார். முந்தின ராத்திரி லேட்டாகத் தூங்கவைத்து, விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிவரச் சொன்னார்கள். சிரப் கொடுத்துத் தூங்கியதும் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டினார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகவே குறைவு. குழந்தை மருத்துவரும் சைக்காலஜிஸ்டும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, ஆட்டிசம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஆட்டிசம் என்றால் கேவலம் என்று சொல்லவரவில்லை. சில குழந்தைகளுக்கு இரண்டுமே இருக்கும். ஆனால் அந்த மேடம் டிக் அடித்தது மாதிரியான, எம்-சாட் போன்ற ஆட்டிசம் கேள்வித்தாள், 16 முதல் 30 மாதக் குழந்தைகளில் யாரை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று வடிகட்டத்தான். அதை மட்டும் வைத்தே ஆட்டிசம் என்று முடிவு செய்வது அநியாயம்.

சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் யாராக இருந்தாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். எங்களுக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் எண்ணும் இல்லை, பார்த்தவர் பெயரும் இல்லை, சீல் மட்டும் பளிச்சென்று இருந்தது. காது மெஷின் போதாமல், ஆபரேஷன் செய்து உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் தேவைப்பட்டால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள்தான் செய்வார்கள். பேக்கேஜில் வீணாகிற ஒவ்வொரு மாதமும் அந்த ஆறு வயதுக் கெடுவிலிருந்து கழிகிறது.

முன்பணம் திரும்பி வரவில்லை. பில் கேட்டால் "பேக்கேஜ் முடிஞ்சாதான்" என்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம்.