‘சத்தமே வராத’ ட்ரோன் இறக்கை: காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்

கல்யாண ஷூட்டுக்குச் சின்ன ட்ரோன் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வளையமாக மடிந்த ‘டொராய்டல்’ இறக்கைகளை, மாட்டினால் சத்தம் 50% குறையும் என்று சொல்லி ஆன்லைனில் விற்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரத்தை ட்ரோன் இரைச்சல் அமுக்கக் கூடாது என்றுதான் நானும் ஒரு செட் வாங்கினேன். மொட்டை மாடியில் ஏற்றிப் பார்த்தால், கம்பெனி இறக்கையைவிட மோசமாக அலறுகிறது. வீடியோவும் நடுங்குகிறது.

கழற்றிப் பார்த்தேன். நகத்தால் தடவினாலே 3டி பிரிண்டர் போட்ட வரிகள் நெருடின. மெல்லிய கம்பியில் கோத்து எப்படித் திருப்பிவிட்டாலும் ஒரே பக்கம்தான் கீழே வந்து நின்றது. பேலன்ஸே இல்லை. அதனால் வரும் அதிர்வு ட்ரோனின் கை வழியாக அதன் உடம்புக்கு ஏறி, பிளாஸ்டிக் முழுக்க ரீங்கரிக்கிறது. தூக்கும் சக்தியும் குறைவு என்பதால் மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. வேகம் கூடினால் சத்தம் கூடத்தானே செய்யும்? எடையும் ஏறிவிட்டது. 249 கிராம் ட்ரோன் 250-ஐத் தாண்டினால், இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி அது மிகச் சிறிய ட்ரோன்களுக்கான ‘நானோ’ வகையிலேயே வராது.

வளைய இறக்கை என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகத்தில் உருவான நல்ல யோசனை அது. ஆனால் மோட்டாருக்கும் எடைக்கும் பொருந்த வடிவமைக்காமல், படத்தைப் பார்த்து அச்சடித்து விற்றால் இந்தக் கதிதான்.

அந்த ‘50%’ கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள். ஒலியின் சக்தி பாதியானால் குறைவது வெறும் 3 டெசிபல். காதுக்கு லேசாகத்தான் தெரியும். பாதியாகக் குறைந்த மாதிரி கேட்க சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனமே 2017-இல் தன் மேவிக் ப்ரோ பிளாட்டினம் ட்ரோனுக்குச் சொன்ன சத்தக் குறைவு 4 டெசிபல்தான்.

விற்றவரிடம் கேட்டதற்கு, “உங்க மோட்டார்ல கோளாறு சார், பாக்கெட்டைப் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது” என்று முடித்துவிட்டார். பிரிக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது? அவர் போட்டிருந்த விளம்பர வீடியோவில் ட்ரோன் சத்தமே இல்லை, பின்னணி இசைதான் ஓடுகிறது. வாங்குவதற்கு முன், பழைய இறக்கை, புது இறக்கை இரண்டையும் ஒரே மைக், ஒரே உயரத்தில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு இறக்கையின் எடையையும் கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் உடனே கழற்றி, ஸ்க்ரூ துளையைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். என்னுடையதில் ஒன்று அங்கேதான் விரிசல் விட்டிருந்தது.